ஒரு செவ்வாய்க்கிழமைக்காகப் பேச வந்திருக்கிறேன்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன், அக்கா, தம்பி அவர்களே, சனிக்கிழமை மாலையை ஒதுக்கி இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, முன் வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

குடும்ப நினைவுகளை அதிகம் சுமந்து நிற்பது பண்டிகை நாளா, சாதாரண நாளா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் சாதாரண நாளின் பக்கம். குறிப்பாக ஒரு செவ்வாய்க்கிழமைக்காகப் பேச வந்திருக்கிறேன். அது எந்தச் செவ்வாய்க்கிழமை என்று பிறகு சொல்கிறேன்.

எனக்கு முன் பேசிய தம்பி மூன்று விஷயம் சொன்னார். பாட்டி சுட்ட முறுக்கின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது என்றார். சொந்தபந்தம் எல்லாம் ஒரே வீட்டில் கூடுவது பண்டிகைக்கு மட்டும்தான் என்றார். அப்புறம், சிங்கப்பூரில் சாதாரண நாள் என்றால் எம்ஆர்டி ரயில், வேலை, டியூஷன், தூக்கம், அதில் நினைவில் வைக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். முறுக்கைப் பற்றி அவர் பேசியபோது என் பாட்டி என் கண்ணுக்குள் வந்து போனார்.

அந்த முறுக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தீபாவளி அன்று யார் வீட்டில் முறுக்கு சுடுகிறார்கள்? அன்றைக்கு முறுக்கு ஏற்கனவே டின்னில் இருக்கும். நாம் எடுத்துத் தின்போம், வந்தவர்களுக்குத் தட்டில் வைப்போம். முறுக்கு சுட்ட நாள் அதற்கு இரண்டு வாரம் முன்னால் வந்த ஏதோ ஒரு சனிக்கிழமை ராத்திரி. தோ பாயோவில் எங்கள் மூவறை வீட்டில், சமையலறைத் தரையில் பழைய தமிழ் முரசு செய்தித்தாள்களை விரித்து, அதன் மேல் பாட்டி முறுக்கை வரிசையாக அடுக்குவார். அளவுக்குப் பால் டின்தான். ஒரு டின் உளுந்துக்கு நாலு டின் அரிசி. அச்சுக் கட்டையை அமுக்குவது அப்பா, எண்ணெயில் போடுவது அம்மா. எனக்குத் தந்த வேலை, எண்ணெய் உறிஞ்சியதும் தாளிலிருந்து முறுக்கு உடையாமல் எடுப்பது. எடுத்த முறுக்கின் அடியில் சில சமயம் அச்சு எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். இடம் வலம் மாறித் தெரியும் அந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பார்ப்பேன்.

தம்பி, உங்கள் மூக்கில் இருக்கும் வாசமும் அப்படி ஒரு ராத்திரியின் வாசமாகத்தான் இருக்கும். அது பண்டிகைக்காகச் சுட்டதுதானே என்று எதிரணி கேட்கும். நியாயம். அந்த ராத்திரியில் பாதியை எதிரணிக்கே தந்துவிடுகிறேன். மிச்சப் பாதி எனக்குப் போதும்.

நடுவர் அவர்களே, நான் ஒரு தாதி. 27 ஆண்டுகளாக மருத்துவமனை வார்டில் வேலை. இது தலைப்போடு சேர்ந்த செய்தி, அதனால் சொல்கிறேன். மருத்துவமனைக்குத் தீபாவளி விடுமுறை கிடையாது. வெளியே தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், விளக்கு எரியும். உள்ளே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சீனத் தோழிகளும் மலாய்த் தோழிகளும் என்னோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்வார்கள். அவர்களுடைய சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நான் நிற்பேன். இப்படி விட்டுக்கொடுத்து வாழும் ஊர் இது, அதில் எனக்குப் பெருமை. அப்படியும் எல்லா வருஷமும் மாற்ற முடிவதில்லை. என் பிள்ளைகள் பிறந்த பிறகு வந்த தீபாவளிகளில் ஏழு தீபாவளியை நான் வார்டில் கழித்திருக்கிறேன். அன்று காலை எண்ணெய் தேய்த்துவிட்டது அவர்கள் அப்பா. புதுத் துணிக்கு மஞ்சள் வைத்துக் கொடுத்தது மாமியார். புகைப்படத்தில் நான் இல்லை.

பண்டிகை நாள்தான் நினைவுகளைச் சுமக்கிறது என்று இந்த மேடையில் தீர்ப்பானால், அந்த ஏழு வருஷமும் என் பிள்ளைகளின் நினைவில் அம்மா என்ற இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லை என்று எனக்குத் தெரியும். என் மகளை ஒருநாள் கேட்டேன். அவள் சொன்னது இது: நான் இரவு ஷிஃப்ட் முடித்து வரும்போது அவள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாளாம். மின்தூக்கி வரும்வரை நடைபாதையில் நின்று அவளுக்கு இரட்டைச் சடை பின்னி முடிப்பேனாம். என் கையில் மருத்துவமனைச் சோப்பு வாசம் அடிக்குமாம். அந்த நாளுக்கு எந்த நாள்காட்டியிலும் சிவப்பு எழுத்து இல்லை.

வார்டில் பார்த்த இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதுமை மறதி நோய் வந்தவர்களோடு பல வருஷம் இருந்திருக்கிறேன். அந்த நோயில் பெரும்பாலும் அண்மை நினைவுதான் முதலில் போகும். காலையில் சாப்பிட்டது மறந்துவிடும், இளவயதில் வாழ்ந்தது நிற்கும். அதிலும் கைக்குப் பழகிய காரியம் வெகுகாலம் நிற்கும். தமிழ்ப் பாட்டி ஒருவர் இருந்தார். பெற்ற மகளையே யார் என்று கேட்டார். ஆனால் சாயங்காலம் ஆனால் அவர் விரல்கள் போர்வை மேல் ஓடிக்கொண்டே இருக்கும், எதையோ கிள்ளுவதுபோல. நூலைப் பிரிக்கிறார் என்று நினைத்துப் போர்வையை மாற்றிப் பார்த்தோம். அவர் மகள்தான் கண்டுபிடித்தார். மறுநாள் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வந்து மடியில் வைத்தார். பாட்டி அதை ஒரு கொத்து எடுத்தார், சரசரவென்று இலையை உருவினார், காம்பை ஒதுக்கினார். பிறகு மகளைப் பார்த்து, "காம்பு விழாம ஆயணும்டி, இல்லன்னா உங்கப்பா திங்கமாட்டாரு" என்றார். எத்தனையோ மாதம் கழித்து மகளை 'டி' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அந்த அக்கா வார்டு என்றும் பார்க்காமல் அழுதார். நானும்தான்.

அந்தப் பாட்டி தன் வாழ்நாளில் எத்தனை தீபாவளி, எத்தனை பொங்கல் பார்த்திருப்பார்! கடைசியில் அவரை அவர் மகளிடம் கொண்டுவந்து சேர்த்தது கீரை ஆய்ந்த சாயங்காலங்கள். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று படித்திருக்கிறோமே, அதில் 'பழக்கம்' என்ற சொல்லின் எடை எனக்கு அன்று அந்தக் கட்டில் ஓரத்தில்தான் தெரிந்தது.

சரி, இப்போது ஒரு டின்னைத் திறக்கிறேன். இது முறுக்கு டின் இல்லை, பிஸ்கட் டின். மூடி துருப்பிடித்துவிட்டது. உள்ளே 43 கடிதங்கள். பெரும்பாலும் நீல ஏரோகிராம், அதாவது எழுதி மடித்து ஒட்டி அனுப்பும் விமானத் தபால் தாள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாட்டியின் தம்பி எழுதியவை. பாட்டியும் அப்பாவும் 1953இல் ரஜுலா கப்பலில் இங்கே வந்தார்கள், அப்போது அப்பாவுக்கு எட்டு வயது. தாத்தா முன்னாலேயே வந்து துறைமுகத்தில் வேலையில் இருந்தார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் எட்டு வயதுப் பையன்தான் படித்துக் காட்ட வேண்டும். பதிலையும் அவர் சொல்லச் சொல்ல அவன்தான் எழுத வேண்டும். இப்போதுபோல் வீடியோ அழைப்பா இருந்தது? தம்பி உயிரோடு இருக்கிறாரா என்பதே அந்த நீலத் தாள் வந்தால்தான் தெரியும்.

அப்பா காலமான பிறகு அந்த 43 கடிதங்களையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். எதிரணி கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொங்கலைப் பற்றிப் பேசும் கடிதம் இரண்டே இரண்டு. தீபாவளியைப் பற்றி ஒன்று, அதுவும் துணிக்குப் பணம் வந்து சேர்ந்தது என்ற ஒரு வரி. மற்றதெல்லாம் என்ன? ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விட்டாயிற்று. சிவப்பிப் பசு காளைக்கன்று போட்டிருக்கிறது. கொல்லையில் நீ வைத்த நார்த்தை இந்த வருஷம் காய்த்தது, ஊறுகாய் போட்டு உன் பெயரைச் சொல்லித்தான் தின்கிறோம். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. தெருக்கோடி வீட்டுக் கிழவி உன்னைக் கேட்டாள், உன் குரலை மறந்துவிட்டதாம், ஆனால் நீ கிணற்றடியில் குடத்தை வைக்கும் சத்தம் நினைவிருக்கிறதாம்.

குடத்தை வைக்கும் சத்தம்! கடல் தாண்டிப் போன ஒரு பெண் ஊரில் விட்டுவிட்டு வந்தது அதுதான். அவள் திருவிழாவில் எந்தப் புடவை கட்டியிருந்தாள் என்பது அந்தக் கிழவிக்கு நினைவில்லை, கிணற்றடிச் சத்தம் நினைவிருக்கிறது. நான் அந்த ஊருக்குப் போனதே இரண்டு முறைதான். ஆனால் அந்தக் கிணற்றடி எனக்குத் தெரியும், இந்த வரியால் தெரியும்.

ஒரு கடிதம் 1977 நவம்பர் மாதத்தது. அந்த ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு நாகப்பட்டினத்தில் புயல் கரையேறியது. தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் பெரிய நாசம். அதற்கு அடுத்த வாரம் எழுதிய கடிதத்தில் தீபாவளி என்ற சொல்லே இல்லை. புயலுக்கு இரண்டு வரி: "வீட்டு ஓடு போயிற்று. தென்னை எட்டு விழுந்தது. உயிருக்குச் சேதமில்லை." அடுத்த வரியிலேயே, போன கடிதத்தில் பேத்திக்கு இருமல் என்று எழுதியிருந்தீர்களே, இப்போது தேவலையா என்று கேட்கிறார். அந்தப் பேத்தி நான்தான். எனக்கு நாலு வயது. கூரை பறந்த வீட்டில் உட்கார்ந்து, கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு குழந்தையின் இருமலை விசாரிக்கிறார். அந்தத் தாத்தாவை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்கு மிக நெருக்கமான மனிதர்களில் அவர் ஒருவர். ஒரு இருமலால்.

இப்போது வாசிப்புக்கு வருகிறேன். எங்கள் அணியில் முதலில் பேசிய அக்கா, வாசிப்பும் குடும்ப நினைவுதான் என்று தொட்டுவிட்டு, நேரமில்லாமல் விட்டார். நான் அதைத் தொடர்கிறேன்.

கடிதம் படிப்பதில் தொடங்கிய அப்பாவின் வேலை அத்தோடு நிற்கவில்லை. அவரும் பெரியவராகித் துறைமுகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். வேலை முடிந்து வரும்போது கோப்பிக் கடையில் பாட்டிக்கு ஒரு கோப்பி, பையில் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு வாங்கி வருவார். கையில் தமிழ் முரசு. 1935இல் தொடங்கிய பத்திரிகை அது. எங்கள் வீட்டில் அது மூன்று தலைமுறைக்கு வேலை செய்திருக்கிறது. அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். பாட்டி நெத்திலி தலை கிள்ளிக்கொண்டே கேட்பார். அப்பா சத்தமாகப் படிப்பார், விரல் வரிக்கு அடியில் ஓடும். நான் அவர் தோளில் தொங்கிக்கொண்டு விரலைப் பார்ப்பேன். பள்ளியில் அகரம் எழுதப் பழகும் முன்பே 'சிங்கப்பூர்' என்ற சொல் எனக்கு முழு உருவமாகத் தெரியும், அது தினமும் வரும் சொல் என்பதால்.

பாட்டி சும்மா கேட்கமாட்டார். மரண அறிவித்தலைத்தான் முதலில் படிக்கச் சொல்வார். தெரிந்த பெயர் வந்தால் கை நிற்கும். அவர்கள் செம்பவாங்கில் கடற்படைத் தளத்தில் இருந்தவர்கள், அவர்கள் வீட்டு மூத்த பெண்ணுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன் என்று ஆரம்பிப்பார். செய்தித்தாளில் நாலு வரி. பாட்டி சொல்வது நாற்பது நிமிஷம். சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த மரண அறிவித்தல் பக்கத்தின் ஓரத்தில் பாட்டி வாயால் கேட்டது.

சனிக்கிழமைகளில் அப்பா என்னை ஸ்டாம்ஃபோர்டு சாலைத் தேசிய நூலகத்துக்குக் கூட்டிப் போவார். சிவப்புச் செங்கல் கட்டடம். 2004இல் அதை மூடி, இடித்து, அந்தப் பக்கம் சுரங்கச் சாலை வந்துவிட்டது. அங்கே தமிழ் நூல் அடுக்குக்கு முன்னால் அப்பா தலையைச் சாய்த்து முதுகுப் பெயர்களைப் படித்துக்கொண்டே நகர்வார், நானும் அதே சாய்வில் பின்னால் நகர்வேன். இன்றைக்கும் எந்த நூலகத்திலும் எனக்குத் தலை அந்தப் பக்கம்தான் சாய்கிறது. என் மகனுக்கும் அப்படியே. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. கடைசிக் காலத்தில் சர்க்கரை நோயால் அப்பாவுக்குக் கண் மங்கிப்போனது. எழுத்து தெரியவில்லை. அப்போது நான் படிக்க, அவர் கேட்டார். என் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி காலையோ மாலையோ, இருபது நிமிஷம். பாட்டியைப் போலவே அவரும் மரண அறிவித்தலைத்தான் முதலில் கேட்டார். அவசரத்தில் நான் ழகரத்தை விழுங்கினால், "மறுபடி படிம்மா" என்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட். நாலரை மணிக்கு வந்து குளித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே நல்ல மழை, சன்னலைச் சாத்தச் சொன்னார். நூலக நேர மாற்றம் பற்றி ஏதோ ஒரு சிறு செய்தி. படித்து முடித்ததும், "ஸ்டாம்ஃபோர்டு ரோட்டுல உனக்குத் தூக்கம் வந்துடும், பஸ்ஸுல என் மடியிலதான் வருவ" என்றார். அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார்.

அவரோடு 40க்கும் மேற்பட்ட தீபாவளிகள் எனக்கு வாய்த்தன. அவை எல்லாம் இனிப்பானவை, ஒன்றையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று மற்றொன்றோடு கலந்துவிட்டது. எந்த வருஷம் எந்தச் சட்டை என்று புகைப்படத்தைப் பார்த்தால்தான் தெரிகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர் அத்தனை பேரும் கோப்பிப் பையைப் பற்றிப் பேசினார்கள், விரல் ஓட்டிப் படித்ததைப் பேசினார்கள். ஒருவர்கூட ஒரு தீபாவளியைச் சொல்லவில்லை.

நடுவர் அவர்கள் மணியைத் தொடுகிறார். இன்னும் கொஞ்ச நேரம் தாருங்கள், ஐயா.

தைப்பூசத்தை எதிரணி அக்கா எடுத்துக்காட்டினார். 1968இல் அது பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போனது, அப்படியும் கூட்டம் குறையவில்லை, பண்டிகையின் பலம் அதுதான் என்றார். பலம் உண்மை. அது எங்கிருந்து வருகிறது? காவடி எடுப்பவரைக் கேளுங்கள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடப்பது ஒரு நாள். அதற்கு முன்னால் வாரக்கணக்கில் விரதம், தரையில் படுக்கை, மரக்கறிச் சாப்பாடு, காலையில் குளிர்ந்த நீரில் குளியல், பிறகு வழக்கம்போல் வேலை. பண்டிகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவது அந்த நாட்கள். பொங்கலும் அப்படித்தான். இங்கே அதற்கு விடுமுறை இல்லை. காலை ஆறு மணிக்கு எரிவாயு அடுப்பில் பால் பொங்கும், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் அக்கம்பக்கம் தூக்கம் கெடாமல் மெல்லிய குரலில் "பொங்கலோ பொங்கல்" என்பார்கள், ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அந்த மெல்லிய குரலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது ஒரு வேலைநாளுக்குள் ஒண்டிக்கொண்ட பண்டிகை, அதனால் பொங்கலில் எங்கள் அணிக்கும் பங்கு உண்டு.

அடுத்து ஒரு கணக்கு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. அந்தப் பத்து வருஷத்தில் தீபாவளி குறைந்ததா? சிராங்கூன் சாலையில் அலங்கார விளக்கு ஏறாத வருஷம் எனக்குத் தெரியவில்லை. ஏப்ரல் மாதம் தமிழ் மொழி விழாவும் நடக்கிறது. இவற்றுக்காக உழைப்பவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனாலும் வீட்டுக்குள் தமிழ் இறங்கிக்கொண்டே வருகிறது. ஏனென்றால் அது குறைவது விழா நாளில் இல்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் குறைகிறது. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா" என்று கேட்க வேண்டிய இடத்தில் வேறு மொழி வருகிறதே, அங்கே குறைகிறது. பிள்ளைக்கு வேட்டி கட்டிவிட ஒரு நாள் போதும். ரசம் கேட்கும் தமிழுக்கு 365 நாளும் வேண்டும்.

தம்பி கேட்ட கடைசிக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த ஊரில் சாதாரண நாளில் நினைவில் வைக்க என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியின் வலி எனக்குத் தெரியும். நானே ஷிஃப்ட் வேலைக்காரி. பல வாரங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பிள்ளைகள் டியூஷன் முடிந்து ஒன்பது மணிக்கு வருகிறார்கள், அவரவர் கைப்பேசி அவரவருக்கு. உறவெல்லாம் கூடுவதற்குப் பண்டிகை வேண்டும் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவே இல்லை. சித்தப்பா பிள்ளைகளை என் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்வதே தீபாவளியால்தான். ஆனால் நேரம் இல்லை என்பதால் அந்த நாட்களைக் கைவிட முடியுமா, தம்பி? அப்பாவுக்கும் நேரம் இருந்ததில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த மனிதர். அவர் எடுத்துக்கொண்டது இருபது நிமிஷம். எங்கள் வீட்டில் இன்றைக்கு இருப்பது மொத்தமும் அந்த இருபது நிமிஷத்திலிருந்து வந்ததுதான்.

நேற்று ராத்திரி இந்தப் பேச்சுக்காக அந்த பிஸ்கட் டின்னை மறுபடி திறந்தேன். 14 வயது மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு ஏரோகிராமை எடுத்துப் படித்தான். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய கடிதம் அது, அதனால் 'லை' என்ற எழுத்துக்கு முன்னால் யானைத் தும்பிக்கைபோல ஒரு சுழி. அங்கே நின்றுவிட்டான். "இது என்ன எழுத்தும்மா?" என்றான். சொல்லிக் கொடுத்தேன். என் அப்பா எனக்குச் சொன்னதுபோலவே, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு. அப்புறம் தடுமாறாமல் கடைசிவரை படித்தான். நாற்று, மழை, நார்த்தங்காய், யாருக்கோ கால்வலி. தாள் தீர்ந்து, மடித்து ஒட்டும் ஓரத்தில் எழுத்து பொடிப்பொடியாகத் தொடர்கிறது. கடைசி வரி: "மற்றபடி இங்கு விசேஷம் ஒன்றும் இல்லை."

மகன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "விசேஷம் ஒண்ணும் இல்லன்னா, ஒட்டுற இடத்துலகூட எதுக்கும்மா எழுதியிருக்காரு?"

நடுவர் அவர்களே, அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு கடிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.